ஒரே வைஃபை, ரெண்டு கம்ப்யூட்டர்... ஃபைல் மட்டும் ஏன் போகமாட்டேங்குது? விண்டோஸ் - லினக்ஸ் ஷேரிங் சிக்கலும் தீர்வும்!

சங்கரன்கோவில்... சிவனும் பெருமாளும் ஒரே திருமேனியில் சங்கரநாராயணராக நிற்கும் ஊர். 'உன் சாமி பெருசா, என் சாமி பெருசா' என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் மோதிக்கொண்டதாகவும், இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட கோமதி அம்மன் தவமிருந்ததாகவும் சொல்கிறது தலபுராணம். அதைத்தான் ஊர் இன்றைக்கும் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறது.

அப்படிப்பட்ட ஊரிலும் தீராத ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. அது கம்ப்யூட்டர் பஞ்சாயத்து! பிரிண்டிங் கடை, விசைத்தறி கணக்கு அலுவலகம், பூ மொத்த வியாபாரம், ஆடிட்டர் ஆபீஸ் என எங்கே பார்த்தாலும் இப்போது ஒரு மேஜையில் பழைய கம்ப்யூட்டர், பக்கத்து மேஜையில் புது லேப்டாப். பழையதில் லினக்ஸ், புதியதில் விண்டோஸ் 11. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கும். ஆனால் இதில் இருக்கும் பில் ஃபைலை அதில் திறக்க முடியாது. கடைசியில் பென்டிரைவைத் தேட வேண்டியதுதான்.

சங்கரன்கோவிலுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல இது. தென்காசி முதல் சென்னை வரை சின்ன ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் வரக்கூடியது. இது ஏன் வருகிறது, எப்படிச் சரி செய்வது, யூடியூபில் சொல்லும் 'ஈஸி டிரிக்' ஏன் ஆபத்தானது... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தச் சிக்கல் அதிகம்?

முதல் காரணம், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பையும், ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. பல பழைய கம்ப்யூட்டர்களில் இவை இல்லை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடவும் மனசு வராது. அதனால் பலரும் அதில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச ஓ.எஸ். போட்டுக்கொள்கிறார்கள்.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதுசும் அல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்திலேயே, விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஓ.எஸ். அது.

இரண்டாவது காரணம், விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட். 2024 அக்டோபரில் வெளியான இந்த அப்டேட், ஃபைல் ஷேரிங் விதிகளை இறுக்கிப் பிடித்துவிட்டது. நேற்று வரை பாஸ்வேர்டே கேட்காமல் திறந்த ஃபோல்டர், அப்டேட் ஆன மறுநாள் 'உள்ளே வராதே' என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

ஃபைல் ஷேரிங்குக்கும் ஒரு மொழி உண்டு!

இரண்டு கம்ப்யூட்டர் ஒன்றோடு ஒன்று ஃபைல் கேட்டு வாங்க ஒரு பொது மொழி வேண்டும். விண்டோஸ் பேசும் மொழியின் பெயர் எஸ்எம்பி. 'இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது?', 'இந்த ஃபைலைத் திற', 'நான் எழுதி முடிக்கும் வரை வேறு யாரும் தொடாதே' என்பதெல்லாம் இந்த மொழியின் வாக்கியங்கள். 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் இதற்கு அடித்தளம் போட்டார். பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது.

யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் வேறு மொழி. அதன் பெயர் என்எஃப்எஸ், 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்கள் ஏஎஃப்பி என்று மூன்றாவதாக ஒன்றைப் பேசின. ஆக, ஒரே வீதியில் மூன்று மொழிக்காரர்கள். பேச்சு எப்படி ஓடும்?

இந்தச் சுவரை உடைத்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991 - 92 காலத்தில் அவர் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அவருடைய மேஜை கம்ப்யூட்டருக்கும் யூனிக்ஸ் சர்வருக்கும் நடுவே ஃபைல் போக வேண்டும். கையேடு எதுவும் இல்லை. அதனால் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே கேபிளில் போகும் தகவல்களைக் கவனித்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே அந்த மொழியைப் புரிந்துகொண்டார்.

இதற்கு 'பிரெஞ்சு கஃபே முறை' என்று அவரே பெயரும் வைத்தார். பிரெஞ்சு தெரியாத ஒருவர் கஃபேயில் உட்கார்ந்து, மற்றவர்கள் என்ன சொன்னால் என்ன வருகிறது என்று கவனித்தே மொழி கற்பது போல. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், செங்கோட்டை தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தே மலையாளம் கற்றுக்கொள்வது மாதிரி!

அப்படிப் பிறந்த மென்பொருள்தான் 'சாம்பா'. பெயர் வந்த கதையும் சுவாரசியம். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் உரிமையில் இருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களை கம்ப்யூட்டர் அகராதியில் தேடினார். அகப்பட்டது 'சாம்பா'.

இன்று லினக்ஸ் கம்ப்யூட்டர் விண்டோஸோடு பேசுவது இந்த சாம்பா வழியாகத்தான். 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் போட்டு, இதுபோன்ற மொழிகளின் விவரத்தைப் போட்டியாளர்களுக்கும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் மைக்ரோசாஃப்ட் தோற்றது. 2007 டிசம்பரில், ஒருமுறை கட்டணமாக 10,000 யூரோ கட்டி அந்த ஆவணங்களை சாம்பா குழு அதிகாரப்பூர்வமாகப் பெற்றது. அதுவரை ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழிக்கு, அன்றுதான் இலக்கணப் புத்தகம் கைக்கு வந்தது.

ஆப்பிளும் இப்போது எஸ்எம்பி பக்கம் வந்துவிட்டது. 2013-ல் வந்த மேவரிக்ஸ் முதல் மேக்கின் முதன்மையான ஷேரிங் மொழியும் இதுதான். ஐஃபோனின் ஃபைல்ஸ் ஆப்பிலும் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இந்த வசதி உண்டு.

அப்போ மொழி ஒன்றுதானே... பிறகு ஏன் சிக்கல்?

மொழி ஒன்றுதான். ஆனால் தலைமுறை வேறு. எஸ்எம்பி 1 என்பது தாத்தா காலத்துப் பேச்சு. விண்டோஸ் எக்ஸ்பி வரை அதுதான். விஸ்டாவோடு எஸ்எம்பி 2 வந்தது. விண்டோஸ் 8 காலத்தில் எஸ்எம்பி 3 வந்தது. விண்டோஸ் 10, 11 பேசுவது எஸ்எம்பி 3.1.1.

பழைய எஸ்எம்பி 1-ல் பெரிய ஓட்டை இருந்தது. அதன் விலையை உலகம் கொடுத்த நாள் 2017 மே 12. 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர், விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையே இல்லை. நெட்வொர்க்கில் இருந்தாலே போதும். ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே முடங்கின.

நமக்கு மிக அருகிலும் அடி விழுந்தது. கேரளாவில் வயநாடு மாவட்டத்தின் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகம், ஆந்திராவில் காவல்துறை கம்ப்யூட்டர்கள் எனப் பட்டியல் நீண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ம் தேதியே கொடுத்துவிட்டது. அதாவது தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகளில் எஸ்எம்பி 1 ஓரங்கட்டப்பட்டது. சாம்பாவும் 2019-ல் வந்த 4.11 பதிப்பு முதல் அதை அணைத்தே வைத்திருக்கிறது.

24எச்2 என்ன மாற்றியது?

இரண்டு மாற்றங்கள். முதலாவது, 'கெஸ்ட்' நுழைவுக்குத் தடை. பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் பகிரப்பட்ட ஃபோல்டருக்குள் விண்டோஸ் 11 ப்ரோ இனி போகாது. பெரிய நிறுவனங்களுக்கான பதிப்புகளில் முன்பே இருந்த கட்டுப்பாடு, இப்போது ப்ரோவுக்கும் வந்துவிட்டது. 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அனுமதியைத் தடுக்கிறது' என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவிப்பு வரும். 'எனக்கு ஏதுடா நிறுவனம், இது என் சொந்தக் கடையாச்சே' என்று பலரும் குழம்புவது இங்கேதான்.

இரண்டாவது, 'சைனிங்' கட்டாயம். தபால் பையில் அரக்கு முத்திரை வைப்பதுபோல, அனுப்பும் ஒவ்வொரு தகவலிலும் ஒரு ரகசிய முத்திரை இருக்க வேண்டும். நடுவில் யாராவது பிரித்து மாற்றினால் முத்திரை உடைந்துவிடும். விண்டோஸ் 11 ப்ரோ உள்ளிட்ட பதிப்புகளில் இந்த முத்திரை இல்லாத பேச்சே கிடையாது.

இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. முத்திரை போடும் ரகசிய சாவி, நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டை வைத்துத்தான் உருவாகிறது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்டுக்குச் சாவி இல்லை. சாவி இல்லாவிட்டால் முத்திரையும் இல்லை. அதனால்தான் கெஸ்ட் ஃபோல்டர்கள் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டன. சாம்பாவுக்கு முத்திரை போடத் தெரியும். அதற்கு ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்தால் போதும்.

தெரு, வாசல், பீரோ: எங்கே மாட்டியிருக்கிறது?

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் எடுத்து வர மூன்று விஷயம் வேண்டும். தெரு திறந்திருக்க வேண்டும், வாசலில் உள்ளே விட வேண்டும், பீரோ சாவி வேண்டும். ஃபைல் ஷேரிங்கும் அப்படியே. சிக்கல் எந்த இடத்தில் என்று தெரியாமல் எல்லா செட்டிங்கையும் தட்டிக்கொண்டிருந்தால் இருக்கிறதும் கெட்டுப்போகும்.

'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்று வந்தால் பெரும்பாலும் தெருவில் சிக்கல். யூசர் பெயர், பாஸ்வேர்டு மீண்டும் மீண்டும் கேட்டால் வாசலில் சிக்கல். ஃபோல்டர் தெரிகிறது, ஆனால் திறக்கவோ சேமிக்கவோ அனுமதி இல்லை என்றால் பீரோவில் சிக்கல்.

1. தெரு

இரண்டு கம்ப்யூட்டரும் உண்மையிலேயே ஒரே ரவுட்டரில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒன்று கடை வைஃபையில், இன்னொன்று மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் வேலைக்கு ஆகாது. ரவுட்டரின் 'கெஸ்ட் வைஃபை'யில் இருந்தாலும் அதே கதைதான், அது மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்க்கவிடாது.

இரண்டின் ஐ.பி. முகவரியையும் பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் இது இருக்கும். ஒன்று 192.168.1.10, மற்றது 192.168.1.20 என்று முதல் மூன்று பகுதி ஒத்துப்போனால், சின்ன ஆபீஸ் நெட்வொர்க்கில் பொதுவாகத் தெரு சரி.

அடுத்து, விண்டோஸில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து அங்கே கம்ப்யூட்டர் பெயர் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பட்டியல் காட்டும் பழைய முறை எஸ்எம்பி 1-ஐ நம்பி இருந்தது. அதோடு அதுவும் போய்விட்டது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஷேரிங் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் \\192.168.1.20 என்று நேரடியாக அடித்து என்டர் தட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சிக்கல் தீர்ந்துவிடும்.

'நேத்து வேலை செஞ்சது, இன்னைக்கு இல்ல' என்பவர்களுக்கு: நேற்று கரன்ட் போனதா? கரன்ட் வந்து ரவுட்டர் மறுபடி ஆன் ஆகும்போது கம்ப்யூட்டருக்கு வேறு ஐ.பி. எண் கொடுத்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற வசதியில், ஃபைல் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

விண்டோஸில் இருக்கும் ஃபோல்டரை மற்றவர்களுக்குப் பகிர்கிறீர்கள் என்றால், அந்த வைஃபை 'பிரைவேட் நெட்வொர்க்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் வெளியே நிற்பவர்களை உள்ளே விடாது. லினக்ஸ் மின்ட், உபுண்டுவில் ஃபயர்வால் பொதுவாக அணைந்தே இருக்கும். நீங்கள் ஆன் செய்து வைத்திருந்தால், சாம்பாவுக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

2. வாசல்

லினக்ஸ் பக்கம் அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஷேரிங்' ஆன் செய்துவிட்டார்கள். லினக்ஸின் யூசர் பெயர், பாஸ்வேர்டு சரியாகவே அடிக்கிறார்கள். ஆனாலும் உள்ளே விடாது. ஏன்?

சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு பதிவேடு உண்டு! லினக்ஸ் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காது. திரும்ப வராத ஒரு உருமாற்றமாகத்தான் வைத்திருக்கும். அரைத்த மாவில் இருந்து அரிசியை எடுக்க முடியாது அல்லவா, அது போல. விண்டோஸ் முறை கேட்பதோ வேறு வகை மாவு. ஒன்றில் இருந்து இன்னொன்றைச் செய்ய முடியாது. அதனால் அரிசியை, அதாவது பாஸ்வேர்டை, நீங்களே இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

அதற்கான கட்டளை 'எஸ்எம்பி பாஸ்வேர்டு'. எஸ், எம், பி, பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என ஒன்பது எழுத்தும் இடைவெளி இல்லாமல் சின்ன எழுத்தில் வரும். டெர்மினலைத் திறந்து, 'சூடோ' என்பதற்குப் பின் இந்தக் கட்டளை, பிறகு 'மைனஸ் ஏ', பிறகு உங்கள் லினக்ஸ் யூசர் பெயர் என்று இடைவெளி விட்டு அடித்தால் புது பாஸ்வேர்டு கேட்கும். ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

விண்டோஸ் பக்கம் வேறு வகைக் குழப்பம். லேப்டாப்பைத் திறக்க நாம் அடிக்கும் 4 இலக்க பின் நம்பர், அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வரும்போது அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். அதேபோல, பாஸ்வேர்டே இல்லாத விண்டோஸ் கணக்கை வைத்தும் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. பகிர்வதற்கென்றே பாஸ்வேர்டு உள்ள ஒரு தனி யூசரை உருவாக்கிக்கொள்வது நல்லது.

மேக் வைத்திருப்பவர்கள், ஃபைல் ஷேரிங் பகுதியின் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், விண்டோஸ் ஷேரிங்குக்காகத் தங்கள் யூசர் பெயரை டிக் செய்து பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். பலருக்கும் கண்ணில் படாத டிக் அது.

எல்லாம் சரியாக அடித்தும் விண்டோஸ் ஏற்கவில்லை என்றால், பழைய தவறான பாஸ்வேர்டை அது ஞாபகம் வைத்திருக்கலாம். 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்று தேடித் திறந்து, அந்த ஐ.பி. எண்ணில் சேமித்திருப்பதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

3. பீரோ

உள்ளே வந்தாச்சு. ஆனால் ஃபைலைச் சேமிக்க முடியவில்லை என்றால், அனுமதி இரண்டு அடுக்கு என்பதை ஞாபகம் வையுங்கள். ஷேரிங் அமைப்பு கொடுக்கும் அனுமதி ஒன்று. அந்த ஃபோல்டருக்கு ஓ.எஸ். கொடுத்திருக்கும் அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் 'எழுதலாம்' என்று டிக் போட்டிருந்தாலும், ஃபோல்டர் வேறொரு யூசருக்குச் சொந்தம் என்றால் எழுத முடியாது. ஃபோல்டருக்குச் சொந்தமான யூசர் பெயரிலேயே உள்ளே வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

ஃபைல் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று என்று இரண்டு ஃபைலாக வைக்கலாம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். அதேபோல, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி போன்றவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. லினக்ஸ் ஏற்கும். 'பில்: ஆடி மாதம்' என்று லினக்ஸில் பெயர் வைத்தால், விண்டோஸில் அது வேறு ஏதோ பெயராகத் தெரியலாம். எழுத்து, எண், இடைக்கோடு... இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தமிழில் ஃபைல் பெயர் வைத்தால்?

தாராளமாக வைக்கலாம். மூன்று ஓ.எஸ்.ஸும் யூனிகோடு தமிழை ஏற்கும். ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. 'சங்கரன்கோவில்' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். இதில் வரும் 'கோ' எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ஓ'கார அடையாளத்தை ஒரே குறியீடாக வைப்பது ஒரு முறை. இரட்டைச்சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகப் பிரித்து வைப்பது இன்னொரு முறை. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

பழைய மேக் கம்ப்யூட்டர்களின் ஃபைல் அமைப்பு பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸ், லினக்ஸில் நாம் டைப் செய்வது பொதுவாகச் சேர்ந்த வடிவம். அதனால் பழைய மேக்கில் ஜிப் செய்து அனுப்பிய ஃபைலை லினக்ஸில் பிரித்தால், ஒரே ஃபோல்டரில் 'சங்கரன்கோவில்' என்ற பெயரில் இரண்டு ஃபைல் இருக்கலாம். தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். 'ஃபைல் கண்ணுக்குத் தெரியுது, ஆனா தேடினா வரல' என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். ஃபைலை ரீநேம் செய்து, பெயரைப் புதிதாக டைப் செய்தால் சரியாகிவிடும்.

ஃபைல் திறக்கிறது, உள்ளே தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள் என்றால் அது ஷேரிங் சிக்கலே அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த ஃபைல் அது. அந்த எழுத்துரு இந்த கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றுவிட்டாலும், டி.டி.பி. கடைகளின் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் பல இன்றும் பழைய எழுத்துருவிலேயே தூங்குகின்றன.

யூடியூப் 'ஈஸி டிரிக்' வேண்டாம்... ஏன்?

'எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, சைனிங்கை ஆஃப் பண்ணுங்க, கெஸ்டை அனுமதிங்க, எல்லாம் சரியாகிடும்' என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். செய்தால் ஃபோல்டர் திறக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது வீட்டுச் சாவி தொலைந்ததற்காகக் கதவையே கழற்றி வைப்பது போல.

ஒரு கடையின் கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் இருக்கும்? ஜி.எஸ்.டி. கணக்கு, வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், கடன் பாக்கிப் பட்டியல், பல வருட டிசைன் ஃபைல்கள். அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்று அதே வைஃபையில் எஸ்எம்பி 1-ஐத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால், அந்த ஒன்றின் வழியாக எல்லாமே போகலாம். யூசர் பெயர், பாஸ்வேர்டு வைக்கப் பத்து நிமிடம் ஆகும். பூட்டிப்போன கணக்கை மீட்க மாதங்கள் ஆனாலும் முடியாமல் போகலாம்.

பழைய ஜெராக்ஸ் மெஷினின் 'ஸ்கேன் டு ஃபோல்டர்' வசதிக்காகத்தான் எஸ்எம்பி 1 வேண்டியிருக்கிறது என்றால், முதலில் அந்த மெஷினுக்கு மென்பொருள் அப்டேட் இருக்கிறதா என்று சர்வீஸ் செய்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ அனுப்பும் வசதி அதே மெஷினில் இருக்கலாம்.

இதையும் மறக்காதீங்க!

* 445 என்ற போர்ட் எண் வழியாகத்தான் எஸ்எம்பி பேசுகிறது. வீட்டிலிருந்தே கடை ஃபைலைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு, ரவுட்டரில் இந்த எண்ணை இன்டர்நெட் பக்கம் திறந்துவிடாதீர்கள். அந்தத் தேவை இருந்தால் விபிஎன் அல்லது கிளவுட் சேவைதான் சரி.

* படிக்க மட்டும் தேவைப்படும் ஃபோல்டரை 'ரீட் ஒன்லி' என்று பகிருங்கள். பக்கத்து கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் நுழைந்தாலும், ஷேரிங் வழியாக இந்த ஃபைல்களை அதனால் பூட்ட முடியாது.

* இரண்டு பேர் ஒரே எக்செல் ஃபைலை ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஆபீஸிலும், ஒருவர் லிப்ரே ஆபீஸிலும் ஒரே நேரத்தில் திறந்து திருத்தாதீர்கள். கடைசியாகச் சேமித்தவர் மற்றவரின் வேலையை அழித்துவிட வாய்ப்பு உண்டு.

* பில்லிங் மென்பொருளின் டேட்டாவை லினக்ஸ் கம்ப்யூட்டரில் வைக்கும் முன், அந்த மென்பொருள் அதை ஏற்கிறதா என்று விற்றவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

* ஷேரிங் வேறு, பேக்கப் வேறு. பகிர்ந்த ஃபோல்டரில் ஒருவர் ஃபைலை அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். வாரம் ஒருமுறையாவது எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க், ரான்சம்வேருக்கு இன்னொரு ஃபோல்டர்தான்.

எப்போதாவது ஒரு ஃபைல் மட்டும் அனுப்ப வேண்டும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. பென்டிரைவோ, லோக்கல்சென்ட் போன்ற இலவச ஆப்போ போதும். தினமும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ஃபோல்டரில் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்குத்தான் சாம்பா.

சுருக்கமாக: ஐ.பி. எண்ணை நேரடியாக அடித்துப் பாருங்கள். சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு கொடுங்கள். விண்டோஸில் பின் நம்பருக்குப் பதில் முழு பாஸ்வேர்டு போடுங்கள். எஸ்எம்பி 1-ஐ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி ஆன் செய்யாதீர்கள்.